ஃபாரினெல்லியின் சாரீரம்: கத்தி கொடுத்ததும் சாதகம் கொடுத்ததும்

2006 ஜூலை 12 அன்று, இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள செர்த்தோசா இடுகாட்டில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவை கார்லோ புரோஸ்கியின் எலும்புகள். ஃபாரினெல்லி என்ற மேடைப் பெயரால்தான் உலகம் அவரை அறியும். சிறுவயதிலேயே விரை நீக்கப்பட்டு, வளர்ந்த பிறகும் பெண்குரலின் உயரத்தில் பாடிய 'காஸ்த்ராத்தோ' பாடகர்களில் அவரே தலையாயவர். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அவருக்கு நிகரான புகழ் வேறெந்தப் பாடகருக்கும் வாய்க்கவில்லை.

எலும்புகள் மிகவும் சிதைந்திருந்தன. ஆனாலும் அவை நிறையச் சொல்லின. ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கை கால் எலும்புகள் நீண்டவை. வளர்பருவம் முடிந்ததும் மறைந்துபோக வேண்டிய வளர்தட்டுக் கோடுகள், 77 வயதில் இறந்த இவருடைய எலும்புகளில் அப்படியே தெரிந்தன. எலும்புப்புரை இருந்தது. நெற்றி எலும்பின் உட்புறம் இருபக்கமும் கடுமையாகத் தடித்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஓரளவு காணப்படும் இந்தத் தடிப்பு, ஆண்களிடம் மிக அரிது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. பருவமடைவதற்கு முன்பே விரைகளை நீக்கிவிட்டால் ஆண் ஹார்மோன் உடலில் பெருகுவதில்லை. குரல்வளை பெரிதாகாது, குரல்நாண்கள் சிறுவனுக்கு உரிய நீளத்திலேயே நின்றுவிடும். எலும்புகளின் நுனிகள் மூடிக்கொள்வதும் தள்ளிப்போகும். அதனால் கைகால்கள் நீள்கின்றன, மார்புக்கூடு விரிகிறது. சிறுவனின் குரல்நாண், வளர்ந்த மனிதனின் நுரையீரல்: இந்த இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தன. வாழ்நாள் முழுவதும் எலும்பு மெலிந்துகொண்டே போனது அதற்குக் கொடுத்த விலை.

இந்தக் கட்டுரையின் கேள்வி ஒன்றுதான். ஃபாரினெல்லியின் இசையில் கத்தியின் பங்கு எவ்வளவு? மிகக் குறைவு என்பது என் முடிவு. அந்தக் காலத்து இத்தாலியில் கத்திக்கு ஆளான சிறுவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஓர் ஊர் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார்கள். குரலே அமையாமல் போனவர்களும் உண்டு. அறுவை எல்லோருக்கும் ஒன்றுதான். ஃபாரினெல்லி ஒருவர்தான்.

ஆந்திரியா முதல் நேப்பிள்ஸ் வரை

கார்லோ 1705 ஜனவரி 24 அன்று, நேப்பிள்ஸ் அரசுக்கு உட்பட்ட ஆப்பூலியா பகுதியின் ஆந்திரியா ஊரில் பிறந்தார். தந்தை சல்வத்தோரே புரோஸ்கி இசையறிந்தவர். சிறு ஊர்களில் ஆட்சிப் பொறுப்பும் வகித்தார். அண்ணன் ரிக்கார்தோ பின்னாளில் இசையமைப்பாளர் ஆனார். காஸ்த்ராத்தோக்கள் பலர் வறுமைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளை பாடகனானால் குடும்பம் கரையேறும் என்ற நப்பாசையில் கத்திக்குக் கொடுக்கப்பட்டவர்கள். புரோஸ்கி குடும்பம் அந்த அளவுக்கு வறியது அல்ல. 1717இல் தந்தை இறந்தார். கார்லோவுக்கு அறுவை நடந்ததும் ஏறத்தாழ அந்தக் காலகட்டத்தில்தான். குதிரையிலிருந்து விழுந்த காயத்துக்காகச் செய்தது என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காலத்து இத்தாலியில் எத்தனையோ சிறுவர்கள் இப்படிக் குதிரையிலிருந்து விழுந்திருக்கிறார்கள், பன்றி கடித்திருக்கிறது! அறுவை சட்டவிரோதம் என்பதால் குடும்பங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கதை தேவைப்பட்டது.

திருச்சபையின் நடத்தையை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரை நீக்கத்தைச் சபை கண்டித்தது. அதே சபை, கோயிலில் பெண்கள் பாடலாகாது என்றும் விதித்தது. உச்சக் குரலுக்கு ஆள் வேண்டும் என்பதால் காஸ்த்ராத்தோக்களைத் தன் பாடகர் குழுவில் அமர்த்திக்கொண்டது. 1589இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் புனித பேதுரு பேராலயப் பாடகர் குழுவைத் திருத்தியமைத்தபோது அவர்களுக்கு அதிகாரபூர்வமாகவே இடம் தந்தார். விரை நீக்கப்பட்டவர்களுக்குத் திருமணம் செல்லாது என்று 1587இல் ஆணையிட்டவரும் இதே போப்தான். பாடுவதற்கு அந்த உடல் வேண்டும், ஆனால் அந்த உடலுக்கு ஒரு வீடு கூடாது. போப்பின் ஆட்சிப் பகுதிகளில் பெண்கள் நாடக மேடை ஏறவும் தடை இருந்ததால், ரோம் நகர ஓபராவில் (பாடியே நடிக்கும் இசை நாடகத்தில்) கதாநாயகி வேடங்களையும் இவர்களே ஏற்றார்கள்.

கார்லோ நேப்பிள்ஸில் நிக்கோலா போர்போராவிடம் சேர்ந்தார். இசையமைப்பாளரான போர்போரா, அதைவிடக் குரல் ஆசானாகவே நினைவுகூரப்படுகிறார். கஃபரெல்லி என்ற இன்னொரு பெரும் காஸ்த்ராத்தோவும் அவருடைய மாணவர்தான். தன்னை ஆதரித்த ஃபாரினா என்ற நேப்பிள்ஸ் குடும்பத்தின் பெயரிலிருந்தே கார்லோ தன் மேடைப் பெயரை அமைத்துக்கொண்டார்.

அன்றைய சாதகம், அதாவது குரல் பயிற்சி, எப்படி இருந்தது என்பதற்கு, முந்தைய நூற்றாண்டின் ரோம் நகரப் பள்ளி ஒன்றைப் பற்றி அங்கே படித்த பொன்தெம்பி எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. கடினமான சொற்கட்டுகளுக்கு ஒரு மணி நேரம். கண்ணாடியின் முன் நின்று, புருவமும் நெற்றியும் வாயும் கோணாமல் பாடிப் பழக ஒரு மணி நேரம். இலக்கியப் படிப்பும் எதிரிசை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல மெட்டுகளின் பின்னல்) எழுதும் பயிற்சியும் தனி. சில நாட்களில் மாணவர்கள் நகர வாயிலுக்கு வெளியே போய், எதிரொலி கிடைக்கும் இடத்தில் நின்று பாடி, திரும்பி வரும் தங்கள் குரலைக் கேட்டுக் குறைகளைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்க வேறு வழி இல்லை. இந்த மரபின் உச்சியிலிருந்து வந்தவர் போர்போரா. எட்டிலிருந்து பத்து ஆண்டுகள் இப்படிப் பழகுவது அன்று வழக்கம். ஆண்களுக்குப் பருவ வயதில் குரல் உடைவதால் பயிற்சி அறுபடும். காஸ்த்ராத்தோவுக்கு அந்த இடைவெளி இல்லை. பத்து வயதில் கற்ற நுணுக்கம் இருபது வயதிலும் அதே குரலில் தொடர்ந்து வளர்ந்தது. கத்தி தந்த உண்மையான 'வசதி' இந்தத் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

1720இல் போர்போராவின் 'ஆஞ்சலிகாவும் மெதோரோவும்' என்ற படைப்பில் கார்லோ அரங்கேறினார். அதன் பாடல் வரிகளை எழுதிய இளைஞர் பியெத்ரோ மெத்தாஸ்தாசியோ. ஓபரா உலகின் முதன்மைக் கவிஞராக அவர் பின்னாளில் உயர்ந்தார். இருவரும் ஒரே மேடையில் பிறந்தவர்கள் என்பதால் கடிதங்களில் ஒருவரையொருவர் 'அன்பு இரட்டையரே' என்றே அழைத்துக்கொண்டார்கள். இறுதிவரை அந்த நட்பு குலையவில்லை.

வியப்பூட்டியவர்

ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சி ரோமில் நடந்தது. கார்லோவுக்கு அப்போது வயது 17. ஓர் ஓபராவில் எக்காளத் துணையுடன் அவர் பாட வேண்டிய பாடல் ஒன்று இருந்தது. பாடகருக்கும் எக்காளக் கலைஞருக்கும் இடையே இரவுதோறும் ஒரு போட்டி மூண்டது. முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. ரசிகர்கள் கட்சி பிரிந்து கூச்சலிட ஆரம்பித்ததும் வினையாகிவிட்டது. ஒருநாள் இருவரும் தனித்தனியே ஒரு சுரத்தை நீட்டிக் கார்வை பிடித்துப் பெருக்கிக் காட்டிய பின், ஒன்றாக ஒரே சுரத்தில் நின்று, பெருக்கி, அசைவு கொடுத்து, நீட்டிக்கொண்டே போனார்கள். இருவருக்கும் மூச்சு தீர்ந்துவிட்டதென்று அரங்கம் நினைத்தது. எக்காளக் கலைஞர் உண்மையிலேயே ஓய்ந்து நிறுத்தினார். எதிராளியும் தன்னைப்போல் களைத்திருப்பார், போட்டி சமனில் முடிந்தது என்பது அவர் கணக்கு. கார்லோ முகத்தில் புன்னகை. அதே மூச்சில் மறுபடி எழுந்து, சுரத்தை இன்னும் பெருக்கி, அதன்மேல் மிகக் கடினமான பிருகாக்களை (வேகமான சுர உருட்டல்களை) உதிர்த்தார். அரங்கத்தின் ஆரவாரம் எழுந்து அமுக்கிய பிறகுதான் அவர் குரல் நின்றது.

1725, 1726 ஆண்டுகளில் அவரை நேரில் கேட்ட ஜெர்மானியப் புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸின் சாட்சியம் இன்னும் நிதானமானது. ஊடுருவும், நிறைந்த, ஒளி பொருந்திய சாரீரம், ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி வீச்சு, பிசகாத சுருதி, அசாதாரண மூச்சு, விளம்ப காலத்தில் வற்றாத கற்பனை. நடிப்பு மட்டும் அவருடைய வலிமை அல்ல என்றும் குவான்ட்ஸ் சொல்லியிருக்கிறார். குறையையும் சேர்த்துச் சொன்னதால் புகழ்ச்சியின் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

1727இல் போலோன்யாவில் அந்தோனியோ பெர்னாக்கி என்ற மூத்த காஸ்த்ராத்தோவுடன் ஒரே மேடையில் பாடினார். ஃபாரினெல்லி தன் வித்தைகளையெல்லாம் இறைத்தார். பெர்னாக்கி அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாடி, அதற்கும் மேலே நுட்பம் காட்டினார். 22 வயதில் ஐரோப்பாவே கொண்டாடும் ஒருவருக்கு இப்படி ஓர் அடி விழுந்தால் கோபமும் பகையும்தான் பெரும்பாலும் மிஞ்சும். ஃபாரினெல்லியோ பெர்னாக்கியிடமே போய்ப் பாடம் கேட்டார்.

அடுத்த திருப்பம் வியன்னாவில். 1731இல் அங்கே பாடியபோது பேரரசர் ஆறாம் சார்லஸ் அவரிடம் பேசியதை ஃபாரினெல்லியே முதுமையில் பர்னிக்குச் சொல்லியிருக்கிறார். 'நீங்கள் பாய்ச்சலிலேயே போகிறீர்கள். முடிவில்லாத அந்தச் சுரங்களும் சொற்கட்டுகளும் வியக்க வைக்கின்றன, அவ்வளவுதான். இனி மனத்துக்கு இதம் தர வேண்டிய காலம். நெஞ்சைத் தொட வேண்டுமானால் எளிய பாதையில் வாருங்கள்' என்பது அதன் சாரம். தன் பாடும் முறையையே இந்தச் சொற்கள் மாற்றிவிட்டதாக ஃபாரினெல்லி ஒப்புக்கொண்டிருக்கிறார். விறுவிறுப்பையும் உருக்கத்தையும், எளிமையையும் பெருமிதத்தையும் கலந்து பாடத் தொடங்கினாராம். இந்த வழக்கில் மிக முக்கியமான திருப்பம் இதுவே என்பேன். உடல் அப்போதே முழுமையாக அமைந்திருந்தது, சாதகமும் முடிந்திருந்தது. மூன்றாவதாக வந்தது விவேகம்.

லண்டன், 1734

லண்டனில் அப்போது இசையமைப்பாளர் ஹாண்டெல் ஓபரா நடத்திக்கொண்டிருந்தார். அவர் முன்பு வெனிஸில் ஃபாரினெல்லியைச் சந்திக்க முயன்றும் முடியவில்லை. ஹாண்டெலுக்கு எதிராகப் பிரபுக்கள் சிலர் தொடங்கிய போட்டிக் குழு போர்போராவை அழைத்தது. அவர் வழியாக ஃபாரினெல்லியும் வந்தார். ஒத்திகையிலேயே வாத்தியக்காரர்கள் பின்தங்கிப் போனார்கள். ஏன் வாசிக்காமல் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, வாயடைத்துப் போய்விட்டதாகவும், அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள் என்கிறார் பர்னி.

அரங்கேற்றம் 1734 அக்டோபர் 29 அன்று, ஹேமார்க்கெட் கிங்ஸ் தியேட்டரில், 'அர்த்தசெர்சே' ஓபராவில். அதில் ஃபாரினெல்லிக்காகவே அண்ணன் ரிக்கார்தோ அமைத்த பாடல் 'சோன் குவால் நாவே'. பாறைகளுக்கு நடுவே அலைக்கழியும் கப்பலாகத் தன்னை உருவகிப்பவனின் பாட்டு. முதல் சுரத்தை நூலிழை போல மெல்லியதாக எடுத்தார். கேட்பவருக்கு எங்கே கூடியது என்றே தெரியாதபடி சிறிது சிறிதாகப் பெருக்கி, அரங்கம் நிறையும் அளவுக்குக் கொண்டுபோய், அதே பதத்தில் குறைத்து மறுபடி ஒரு புள்ளிக்கு இறக்கினார். பாட்டு இன்னும் தொடங்கியபாடில்லை. ஐந்து நிமிடங்கள் கைதட்டல் ஓயவில்லை என்று பர்னி எழுதுகிறார். பிறகு தொடங்கிய வேகத்தைத்தான் வயலின்களால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கால ஓபரா பாடலுக்கு மூன்று பகுதிகள் உண்டு. மூன்றாவது, முதலாவதன் மறுபாட்டு. அதைப் பாடகர் தன் சங்கதிகளால், அதாவது அதே வரிக்குத் தான் சேர்க்கும் அலங்காரங்களால், புதிதாக்க வேண்டும். அச்சிட்ட இசைத்தாளில் இருப்பது எலும்புக்கூடு மட்டும். பாடகரின் மதிப்பு இந்த மூன்றாம் பகுதியில்தான் அளக்கப்பட்டது. எங்கே நிரப்புவது, எங்கே விட்டுவிடுவது என்ற முடிவைக் கத்தியால் கொடுக்க முடியாது.

ஆண்டுக்கு 1500 பவுன் சம்பளம், அதற்குமேல் அவர் நலனுக்கென்றே நடத்திய கச்சேரியின் வருமானம், பிரபுக்களின் பரிசுகள். 'கடவுள் ஒருவரே, ஃபாரினெல்லியும் ஒருவரே' என்று ஒரு சீமாட்டி அரங்கில் கூவினார். ஓவியர் ஹோகார்த் அந்த வாசகத்தைத் தன் கேலிச் சித்திரத்தில் பொறித்துவைத்தார். ஆனால் இரண்டு ஓபரா குழுக்களைத் தாங்கும் அளவுக்கு லண்டனில் ரசிகர்கள் இல்லை. 1737இல் பிரபுக்களின் குழு சரிந்தது. ஹாண்டெலும் அதே ஆண்டு நோய்வாய்ப்பட்டார். லண்டனுக்குத் திரும்பி வருவதாக ஒப்பந்தம் இருந்த ஃபாரினெல்லி, பாரிஸ் வழியாக ஸ்பெயினின் தலைநகர் மத்ரீத் போனார். போனவர் திரும்பவில்லை.

மத்ரீத்: ஒரு நோயாளியும் ஒரு குரலும்

ஸ்பெயின் அரசர் ஐந்தாம் பிலிப் ஆண்டுக்கணக்காகக் கடும் மனச்சோர்வில் இருந்தார். படுக்கையை விட்டு எழ மாட்டார், முகச்சவரம் செய்துகொள்ள மாட்டார், இரவைப் பகலாக்கிக்கொண்டவர். அரசி இசபெல்லா ஃபார்னேசே ஒரு வழி கண்டார். அரசரின் அறைக்குப் பக்கத்து அறையில் ஃபாரினெல்லியைப் பாடவைத்தார். அரசர் உருகிப்போய், என்ன வேண்டுமானாலும் கேள் என்றாராம். எழுந்து சவரம் செய்துகொண்டு அரசவைக்கு வர வேண்டும் என்று ஃபாரினெல்லி கேட்டாராம். பர்னி வழியாக உலகெங்கும் பரவிய கதை இது.

1737 ஆகஸ்டில் ஃபாரினெல்லி அரசரின் அந்தரங்கப் பணியாளராக நியமிக்கப்பட்டார். அரசருக்கும் அரசிக்கும் அல்லாமல் வேறு எவருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளிலிருந்து பொதுமேடையில் அவர் பாடவே இல்லை. வயது 32, குரல் உச்சத்தில்.

பத்தாண்டுகள் தினமும் அதே நான்கு பாடல்களைப் பாடினார் என்று எல்லா நூல்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவருடைய கடிதம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1738இல் தன் புரவலர் பெப்போலி பிரபுவுக்கு எழுதியபோது, ஒவ்வோர் இரவும் எட்டு ஒன்பது பாடல்கள் பாடுவதாகவும், ஓய்வு என்பதே இல்லை என்றும், இதைத் தாங்கும் உடல்நலத்தைக் கடவுள் தர வேண்டும் என்றும் எழுதினார். கதையைவிடக் கடிதத்தைத்தான் நான் நம்புகிறேன். அதே ஆண்டு பிரிட்டிஷ் தூதர் பெஞ்சமின் கீன் எழுதிய குறிப்பு இதைவிடத் துயரமானது. அரசர் தானும் ஃபாரினெல்லியைப் போலப் பாட முயல்கிறார். இசை முடிந்த பிறகு அலறுகிறார். அதை எவரும் காணாதபடி மறைக்கப் பெரும்பாடு படுகிறார்கள் என்கிறார் கீன்.

ஆகவே, இசை அரசரின் நோயைத் தீர்த்தது என்று சொல்வது மிகை. நோயோடு ஓர் இரவைக் கடக்க உதவியது, அடுத்த இரவும் உதவியது. இப்படி ஒன்பது ஆண்டுகள், 1746 ஜூலை 9 அன்று பிலிப் இறக்கும் வரை. முதியவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குத் தெரியும், தினமும் வந்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று. லண்டன் இரவின் ஐந்து நிமிடக் கைதட்டலைவிட, கேட்பவர் ஒருவரே இருந்த இந்த இரவுகளை நான் உயர்வாக வைக்கிறேன். பேரரசர் சொன்ன எளிய பாதை கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது.

அடுத்த அரசர் ஆறாம் ஃபெர்தினாந்தும், இசையமைப்பாளர் தோமெனிக்கோ ஸ்கார்லாத்தியின் மாணவியான அரசி பார்பராவும் இசைப் பித்தர்கள். அவர்களிடம் ஃபாரினெல்லி ஓபரா நிர்வாகியாக உயர்ந்தார். புவென் ரெத்திரோ அரங்கத்தை நடத்தினார். மெத்தாஸ்தாசியோவின் நாடகங்களை வரவழைத்தார். அரான்ஹுவேஸில் தாகுஸ் ஆற்றில் அரச படகுகளின் இசை உலாக்களை ஏற்பாடு செய்தார். 1750இல் காலத்ராவா வீரர் பட்டம் கிடைத்தது. இத்தனை செல்வாக்கு இருந்தும் அரசியலில் கைவைக்கவில்லை, எவரையும் பழிவாங்கவில்லை என்று அவர் காலத்தவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். 1758இல் பார்பராவும் அடுத்த ஆண்டு ஃபெர்தினாந்தும் இறந்தார்கள். புதிய அரசர் மூன்றாம் கார்லோஸ் ஓய்வூதியம் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்.

போலோன்யாவும் எஞ்சியவையும்

போலோன்யாவுக்கு வெளியே தன் மாளிகையில் ஃபாரினெல்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1770இல் பதினான்கு வயது மொசார்ட் தந்தையுடன் வந்து பார்த்தான். அதே ஆண்டு வந்தவர்தான் பர்னி. பாடுவதை எப்போதோ விட்டுவிட்ட ஃபாரினெல்லி, ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசித்துப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். தன் கருவிகளுக்கு ரஃபாயேல், கொரேஜ்ஜோ, தித்தியன் என்று ஓவியர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார். அவற்றில் அரசி பார்பரா கொடுத்ததும் ஒன்று. வெனிஸ் நகர மார்ச்சியானா நூலகத்தில் இன்று இருக்கும் ஸ்கார்லாத்தி சொனாட்டாக்களின் 15 தொகுதிகள் அந்த அரசியிடமிருந்து இவர் வழியாக வந்தவை என்பது அறிஞர்களின் கருத்து.

1782 ஏப்ரலில் மெத்தாஸ்தாசியோ வியன்னாவில் இறந்தார். செப்டம்பரில் ஃபாரினெல்லி. அவரை அடக்கம் செய்த கப்புச்சின் துறவியர் ஆலயம் நெப்போலியன் காலப் போர்களில் அழிந்தது. சகோதரி வழிப் பேத்தி ஒருவர் 1810இல் எச்சங்களை செர்த்தோசாவுக்கு மாற்றினார்.

காஸ்த்ராத்தோ குரல் எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கியின் ஒலிப்பதிவுகளிடம். சிஸ்டைன் ஆலயப் பாடகரான அவர் 1902, 1904 ஆண்டுகளில் பதிவுசெய்தார். ஆனால் அவர் வாழ்ந்தது மேடை மரபு அற்றுப்போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. போர்போராவின் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை வைத்து ஃபாரினெல்லியை அளப்பது இருவருக்கும் அநியாயம். 1994இல் ஒரு திரைப்படத்துக்காக, பாரிஸ் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் ஓர் ஆண் உச்சக் குரலையும் ஒரு பெண் குரலையும் கணினியால் இழைத்துப் பார்த்தார்கள். தொழில்நுட்பமாக அழகான முயற்சி. ஆனால் கத்தி கொடுத்த பங்கைத்தான் அதுவும் தேடியது.

ஃபாரினெல்லியின் கலையைத் தேடுகிறவர்கள் போக வேண்டிய இடம் வியன்னா. 1753இல் மத்ரீத்திலிருந்து பேரரசி மரியா தெரசாவுக்கு அவர் அனுப்பிய கையெழுத்துப் படி அங்கேதான் இருக்கிறது. 'சோன் குவால் நாவே'வும், ஜக்கோமெல்லியின் இராக்குயில் (நைட்டிங்கேல்) பாட்டான 'குவெல் உசிஞோலோ'வும் அதில் அவருடைய சங்கதிகளோடு எழுதப்பட்டிருக்கின்றன. வேறு பாடகர்கள் பலர் மேடையிலேயே விட்டுப்போன மூன்றாம் பகுதி, இவருடையது தாளில் நிற்கிறது. இன்றைய பெண் பாடகர்களும் ஆண் உச்சக் குரல் பாடகர்களும் அதைப் பார்த்துப் பாடுகிறார்கள்.